சமன் ஆகியும் சரியாகாத சமன்பாடுகள்

சமையல் கேஸ் சிலிண்டரில் வருவது 14.2 கிலோ வாயு. அது எரிந்து தீர்ந்து, காலி சிலிண்டரை வாசலுக்கு உருட்டிக்கொண்டு போகும் நாளில், அந்த அடுப்பு ஏறக்குறைய 43 கிலோ கார்பன் டை ஆக்சைடையும் 22 கிலோ நீராவியையும் வெளியே விட்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் 65 கிலோ. சிலிண்டருக்குள் இருந்ததோ 14.2 கிலோதான். மீதி 51 கிலோ, சமையலறைக் காற்றிலிருந்து நெருப்பு எடுத்துக்கொண்ட ஆக்சிஜன். இதைத் தெரிந்துகொள்ள அடுப்புக்கு மேலே பை கட்டி வாயுவைப் பிடித்து நிறுக்க வேண்டியதில்லை. ஒரு வேதிச் சமன்பாடு போதும், அதுவும் ஒரே வரியில்.

பத்தாம் வகுப்பில் எல்லோரும் கடந்துவந்த வரிதான் அது. நம்மில் பெரும்பாலோருக்கு அது இரண்டு மதிப்பெண் கேள்வியாக மட்டுமே நினைவில் நிற்கிறது. அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் ஒரு எண்ணைப் போடு, அந்தப் பக்கம் ஒரு எண்ணைப் போடு, இரண்டு பக்கமும் ஒத்துவந்தால் அடுத்த கணக்குக்குப் போ. இப்படிக் கற்றுக்கொடுப்பதில் பெரிய இழப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். வேதிச் சமன்பாடு என்பது இந்தப் பொருள்கள் இந்த விகிதத்தில் சேர்ந்து இந்தப் பொருள்களாக மாறுகின்றன என்று உலகத்தைப் பற்றிச் சொல்லப்படும் கூற்று. கூற்று என்றால் அது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒத்துவந்த பிறகும் பொய்யாக இருக்க முடியும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

முதலில் சிலிண்டர் கணக்கை முடித்துவிடுவோம். நம் வீட்டுக்கு வருவது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பியூட்டேனாகவே எடுத்துக்கொள்கிறேன். பாடநூல்கள் குறியீடுகளால் எழுதுவதை இங்கே பெயர்களாலேயே எழுதுகிறேன். எண்ணுவதற்கு அது போதும். பியூட்டேன் மூலக்கூறு ஒன்றில் கார்பன் அணு 4, ஹைட்ரஜன் அணு 10. ஆக்சிஜன் காற்றில் இரண்டிரண்டு அணுக்களாகச் சேர்ந்த மூலக்கூறாக இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடில் கார்பன் 1, ஆக்சிஜன் 2. நீரில் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1.

எங்கே தொடங்குவது என்பதில்தான் பாதி வேலை. ஆக்சிஜன் வலப்பக்கத்தில் இரண்டு பொருள்களில் பிரிந்து கிடக்கிறது. இடப்பக்கத்தில் தனித் தனிமமாக நிற்கிறது. அதைக் கடைசிக்கு விட்டுவிட வேண்டும், ஏனென்றால் தனியாக நிற்பதன் எண்ணை மாற்றினால் வேறெந்தக் கணக்கும் கலையாது. கார்பனிலிருந்து தொடங்கலாம். 4 கார்பன் உள்ளே போனால் 4 கார்பன் டை ஆக்சைடு வெளியே வர வேண்டும். 10 ஹைட்ரஜன் போனால் 5 நீர். இப்போது வலப்பக்கத்து ஆக்சிஜனை எண்ணினால் எட்டும் ஐந்தும் சேர்ந்து 13 அணு. மூலக்கூறுக்கு இரண்டு அணு என்பதால் ஆறரை மூலக்கூறு வேண்டும். ஆறரை மூலக்கூறு கிடையாது. எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால்:

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர்

கார்பனின் அணு நிறை 12, ஹைட்ரஜனுக்கு 1, ஆக்சிஜனுக்கு 16. அதை வைத்து நிறைகளைப் போட்டால் இடப்பக்கம் 116 பங்கு பியூட்டேனும் 416 பங்கு ஆக்சிஜனும். வலப்பக்கம் 352 பங்கு கார்பன் டை ஆக்சைடும் 180 பங்கு நீரும். இரு பக்கமும் 532. 116 பங்கு என்பது 14.2 கிலோவானால் 416 பங்கு 50.9 கிலோ, 352 பங்கு 43.1 கிலோ, 180 பங்கு 22 கிலோ. கட்டுரையின் முதல் வரிகளில் சொன்ன எண்கள் இங்கிருந்துதான் வந்தன.

இதோடு நிறுத்த மனம் வரவில்லை. காற்றின் நிறையில் ஆக்சிஜன் ஏறக்குறைய 23 சதவீதம்தான். ஆகவே 51 கிலோ ஆக்சிஜன் வேண்டுமானால் 220 கிலோ காற்று அடுப்பைத் தொட்டுப் போக வேண்டும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள சமையலறை என்றால் ஆறேழு அறை நிறையக் காற்று. அந்தக் காற்று வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இதே முறையில் எழுதலாம்:

2 பியூட்டேன் + 9 ஆக்சிஜன் → 8 கார்பன் மோனாக்சைடு + 10 நீர்

2 பியூட்டேன் + 5 ஆக்சிஜன் → 8 கார்பன் + 10 நீர்

மூன்றாவது வரியில் கிடைக்கும் கார்பன், பாத்திரத்தின் அடியில் படியும் கரி. பர்னர் துளைகள் அடைத்துக்கொண்டு, நீலச் சுடர் மஞ்சளாக மாறும்போது நாம் பார்ப்பது அதைத்தான். இரண்டாவது வரி கண்ணுக்குத் தெரியாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். சன்னல் சாத்திய குளியலறைக்குள் கேஸ் கீசரை எரியவிட்டுக் குளிக்கப் போனவர்கள் திரும்பி வராத செய்திகளுக்குப் பின்னால் இருப்பது இதுதான். 13 என்ற எண் 9 ஆகக் குறைந்திருக்கிறது. எண்ணிக்கைப்படி இந்த மூன்று சமன்பாடுகளும் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல, மூன்றுமே சமன் ஆனவை. எது நடக்கிறது என்று சொல்வது எண் அல்ல, அறையில் இருக்கும் காற்று.

பிள்ளைகள் முதன்முதலாகச் சமன்பாடு எழுதும்போது செய்யும் ஒரு காரியம் உண்டு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் ஆகிறது என்று எழுதச் சொன்னால், இடப்பக்கம் இரண்டு ஆக்சிஜன் அணு இருக்கிறது, வலப்பக்கம் ஒன்றுதான் இருக்கிறது என்று கண்டுபிடித்து, நீரின் வாய்பாட்டுக்குள்ளேயே இன்னொரு ஆக்சிஜனைச் சேர்த்துவிடுவார்கள். சமன் ஆகிவிடும். ஆனால் அது நீர் அல்ல. ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2 என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு. புண்ணில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வரும் மருந்துக் கடைத் திரவம். ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார். ஏன் அடித்தார் என்று பல வகுப்புகளில் சொல்லப்படுவதில்லை. பொருளின் முன்னால் நிற்கும் எண் எத்தனை மூலக்கூறு என்பதைச் சொல்கிறது. அதை நாம் மாற்றலாம். வாய்பாட்டுக்குள் கீழே நிற்கும் எண் அந்தப் பொருள் எது என்பதைச் சொல்கிறது. அதை மாற்றும் உரிமை நமக்கு இல்லை. அது யாரோ சோதனைச் சாலையில் பாடுபட்டுக் கண்டுபிடித்துத் தந்த செய்தி.

எவ்வளவு பாடு என்பதற்கு நீரே சாட்சி. நீரில் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று என்பது இன்று குழந்தைக்கும் தெரியும். வேதியியல் உலகம் அதை ஒருமனதாக ஏற்க அரை நூற்றாண்டு பிடித்தது.

1808ல் ஜான் டால்டன் தன் அணுக்கொள்கை நூலை வெளியிட்டபோது, நீர் என்பது ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஒரு ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது என்று எழுதினார். இரண்டு தனிமங்கள் சேர்ந்து ஒரே ஒரு சேர்மம்தான் தெரிகிறது என்றால், அதில் ஒன்றுக்கு ஒன்று இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி. தனிமங்கள் ஒற்றை அணுக்களாகவே உலாவுகின்றன என்றும் அவர் நம்பினார். ஆகவே அவருடைய கணக்கில் ஒரு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்தால் ஒரு நீர். இது அப்பழுக்கில்லாமல் சமன் ஆகிறது. முன்னால் எண் போடக்கூடத் தேவையில்லை.

அதே ஆண்டு பாரிசில் கே-லூசாக் வாயுக்களின் பருமனை அளந்து ஒரு முடிவை அறிவித்தார். இரண்டு பருமன் ஹைட்ரஜனும் ஒரு பருமன் ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பருமன் நீராவி கிடைக்கிறது. ஒரு பருமன் ஆக்சிஜனிலிருந்து இரண்டு பருமன் நீராவி என்றால், ஆக்சிஜனின் அணு ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். அணு பிளக்காது என்பது டால்டனின் கொள்கைக்கே அடித்தளம். அவர் கே-லூசாக்கின் அளவீடுகளைச் சந்தேகித்தார். 1811ல் இத்தாலியைச் சேர்ந்த அவோகாட்ரோ வழி காட்டினார். பிளப்பது அணு அல்ல. ஆக்சிஜன் வாயு இரண்டிரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகளாக இருக்கிறது, பிரிவது அந்த இணை. சம பருமனில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கின்றன என்று கொண்டால் எல்லாம் பொருந்திவிடும். 2 ஹைட்ரஜன் + 1 ஆக்சிஜன் → 2 நீர். இன்று நாம் எழுதும் சமன்பாடு அதுதான். அணுக்கள் மட்டுமல்ல, பருமன்களும் அதில் ஒத்துவருகின்றன.

அவோகாட்ரோவை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரே வகை அணுக்கள் இரண்டு ஏன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்தக் காலத்து வேதியியலருக்கு விளங்கவில்லை. விளைவு பெருங்குழப்பம். பெர்சீலியஸ் 1813, 1814 ஆண்டுகளில் தந்த எழுத்துக் குறியீடுகள் எல்லோர் கைக்கும் வந்துவிட்டன. ஆனால் குறியீடுகளுக்குக் கீழே போட வேண்டிய எண்களில் ஒருவருக்கொருவர் உடன்பாடில்லை. ஒருவர் எழுதிய சமன்பாட்டை இன்னொருவர் படிக்க முடியாத நிலை. கெக்குலே 1861ல் வெளியிட்ட கரிம வேதியியல் நூலில் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கு அப்போது புழக்கத்தில் இருந்த 19 வாய்பாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறார். ஒரே அமிலம், பத்தொன்பது வாய்பாடு.

1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஐரோப்பிய வேதியியலர் கூடியது இதைத் தீர்ப்பதற்காகத்தான். கூட்டத்தில் முடிவு எட்டப்படவில்லை. கலையும்போது, அவோகாட்ரோவின் கருத்தைக் கொண்டு அணு நிறைகளை எப்படி ஒழுங்காகக் கணக்கிடலாம் என்று கன்னிசாரோ எழுதிய சிறு நூலின் படிகள் வந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. ஊருக்குப் போய்ப் படித்தவர்கள் ஒவ்வொருவராக மனம் மாறினார்கள். கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் ஒருவர் இளைஞர் மெண்டலீவ். ஒழுங்கான அணு நிறைகள் கையில் இருந்ததால்தான் 1869ல் அவர் தனிம வரிசை அட்டவணையைப் போட முடிந்தது. அவோகாட்ரோ 1856லேயே இறந்துபோயிருந்தார்.

டால்டனின் நீர்ச் சமன்பாடு நமக்குச் சொல்வது இது: அணுக் கணக்கு ஒத்துவந்தது, ஆனால் அது தவறு. அதைத் தவறு என்று காட்டியது கணக்கு அல்ல, குழாயில் அளந்த வாயுவின் பருமன்.

அதற்கும் முன்னால் லவாய்சியே கதை இருக்கிறது. வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் நிறை மாறாது என்பதைத் தராசை நம்பி வேதியியலின் அடிப்படையாக்கியவர் அவர். 1789ல் வெளிவந்த அவருடைய நூலில், திராட்சைச் சாறு புளித்து ஒயின் ஆவதை ஒரு சமன்பாடாகவே பார்க்கலாம் என்கிறார். ஒரு பக்கம் சாறு, மறுபக்கம் கார்பன் டை ஆக்சைடும் ஆல்கஹாலும், நடுவில் சமம். 400 பவுண்டு தண்ணீர், 100 பவுண்டு சர்க்கரை, 10 பவுண்டு ஈஸ்ட் என்று போட்டு, வினைக்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் கூட்டிக் காட்டியிருக்கிறார். உள்ளே போனது 510, வெளியே வந்தது 510. அரசுக்கு வரி வசூலிக்கும் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்தவர் அவர். வரவும் செலவும் ஒத்துவர வேண்டும் என்ற பழக்கம் கையிலேயே இருந்தது. அந்த வரி வசூல் வேலையே 1794 மே 8ல் அவரைக் கில்லட்டினுக்குக் கொண்டுபோனது.

அவருடைய பட்டியலை இன்றைய சமன்பாட்டோடு ஒப்பிட்டால் ஒரு விஷயம் கண்ணில் படும். இன்று நமக்குத் தெரிந்தபடி, ஒரு குளுக்கோஸ் இரண்டு ஆல்கஹாலாகவும் இரண்டு கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. நிறையில் 180 பங்கு குளுக்கோஸ் 92 பங்கு ஆல்கஹாலும் 88 பங்கு வாயுவும் ஆகிறது, ஏறக்குறைய சரிபாதி. லவாய்சியேயின் பட்டியலில் ஆல்கஹால் கூடுதலாகவும் வாயு வெகு குறைவாகவும் இருக்கின்றன. ஒரு பக்கத்துப் பிழை மறுபக்கத்துப் பிழையை ஈடுகட்டியதால் கூட்டுத்தொகை பொருந்திவிட்டது. கொள்கை சரி, மொத்தம் சரி, உள்ளே இருந்த எண்கள் சரியில்லை. இதனால் அவர் பெருமை குறையாது. எல்லாவற்றையும் நிறுத்தாக வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதால்தான் பின்னால் வந்தவர்கள் அந்த எண்களைத் திருத்த முடிந்தது.

நம் ப்ளஸ் டூ சோதனைச் சாலைகளுக்கு வருவோம். தரம் பார்த்தல் சோதனையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் தொடாத அறிவியல் மாணவர் இல்லை. பியூரெட்டில் கத்தரிப்பூ நிறத்தில் பெர்மாங்கனேட். நிறம் அடர்த்தியாக இருப்பதால் திரவத்தின் கீழ் வளைவு தெரியாது, மேல் விளிம்பைப் பார்த்துத்தான் அளவு குறிக்க வேண்டும். கீழே கூம்புக் குடுவையில் பிப்பெட்டால் அளந்து விட்ட ஆக்சாலிக் அமிலமும் நீர்த்த கந்தக அமிலமும், 60, 70 டிகிரிக்குச் சூடாக்கப்பட்டு. முதல் சொட்டு விழுந்ததும் குடுவை முழுக்க ஊதா பரவி, போகவே போகாதது போல் நிற்கும். குடுவையைச் சுழற்றிக்கொண்டே காத்திருந்தால் மெல்ல வெளுக்கும். இரண்டாம் சொட்டு அதைவிடச் சீக்கிரம். நான்கைந்து சொட்டுக்குப் பிறகு விழ விழ நிறம் மறையும். வினையில் பிறக்கும் மாங்கனீஸ் அயனியே அந்த வினையை முடுக்கிவிடுவதுதான் காரணம். கடைசியில் ஒரு சொட்டு விழுந்து வெளிர் இளஞ்சிவப்பு அப்படியே நின்றுவிடும். அங்கே குழாயை மூட வேண்டும். நிறங்காட்டி எதுவும் தேவையில்லை.

இந்த மந்தமும் வேகமும் சமன்பாட்டில் எங்கும் தெரியாது. சமன்பாடு வேகத்தைப் பற்றியோ வெப்பத்தைப் பற்றியோ வழியைப் பற்றியோ பேசுவதில்லை. எதற்கு எத்தனை என்பது மட்டும்தான் அதன் பேச்சு. இந்த வினையில் அந்த விகிதத்தைப் பெர்மாங்கனேட் பக்கத்திலிருந்து பார்க்கலாம். மாங்கனீஸ் அணு +7 என்ற ஆக்சிஜனேற்ற நிலையிலிருந்து +2 நிலைக்கு இறங்குகிறது, அதற்கு 5 எலக்ட்ரான் வேண்டும். ஆக்சாலிக் அமிலத்தின் இரண்டு கார்பன்களும் +3லிருந்து +4க்கு ஏறுகின்றன, 2 எலக்ட்ரான் தருகின்றன. ஐந்து வேண்டும் என்பவருக்கு இரண்டிரண்டாகத் தருபவர். ஆகவே 2 பெர்மாங்கனேட்டுக்கு 5 ஆக்சாலிக் அமிலம். மீதியெல்லாம் தானாக வந்து உட்காரும்:

2 பொட்டாசியம் பெர்மாங்கனேட் + 3 கந்தக அமிலம் + 5 ஆக்சாலிக் அமிலம் → 1 பொட்டாசியம் சல்பேட் + 2 மாங்கனீஸ் சல்பேட் + 10 கார்பன் டை ஆக்சைடு + 8 நீர்

இப்போது ஆக்சாலிக் அமிலத்துக்குப் பதிலாக ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்துப் பாருங்கள். மருந்துக் கடைப் பெராக்சைடின் வீரியத்தை அளக்க நிஜமாகவே இந்த வினைதான் பயன்படுகிறது. பெர்மாங்கனேட்டும் கந்தக அமிலமும் அப்படியே 2, 3. வெளியே வருபவை பொட்டாசியம் சல்பேட் 1, மாங்கனீஸ் சல்பேட் 2, கூடவே நீரும் ஆக்சிஜனும். பெராக்சைடு எத்தனை? எலக்ட்ரானைப் பற்றி யோசிக்காமல் அணுக்களை மட்டும் எண்ணிச் சமன் செய்ய முயன்ற ஒருவர் இந்த மூன்றில் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம்.

பெராக்சைடு 1 என்றால் 4 நீர், 3 ஆக்சிஜன்.
பெராக்சைடு 5 என்றால் 8 நீர், 5 ஆக்சிஜன்.
பெராக்சைடு 7 என்றால் 10 நீர், 6 ஆக்சிஜன்.

ஒரு தாளை எடுத்து எண்ணிப் பாருங்கள். சல்பேட் பக்கத்துக்கு மூன்று, அதை விட்டுவிடலாம். பெர்மாங்கனேட் ஒன்றில் 4 ஆக்சிஜன் அணு, ஆகவே இரண்டில் 8. முதல் விடையில் பெராக்சைடின் 2 சேர்ந்து 10. வலப்பக்கம் நீரில் 4, வாயுவில் 6, மொத்தம் 10. ஹைட்ரஜன் இடப்பக்கம் ஆறும் இரண்டும் எட்டு, வலப்பக்கம் எட்டு. அடுத்த இரண்டு விடைகளும் இதேபோல் அட்சரம் பிசகாமல் பொருந்தும். மின்சுமையும் பொருந்தும். இப்படி எண்ணற்ற விடைகள் உண்டு.

காரணம் கணிதத்தில் இருக்கிறது. சமன்பாட்டில் எத்தனை பொருள்கள் இருக்கின்றனவோ அத்தனை எண்களை நாம் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு தனிமமும் ஒரு நிபந்தனையைத் தருகிறது. ஆக்சாலிக் அமில வினையில் பொருள்கள் 7, தனிமங்கள் 6. வித்தியாசம் ஒன்று, அதனால் விகிதம் ஒன்றே ஒன்றுதான். பெராக்சைடு வினையில் பொருள்கள் அதே 7, ஆனால் கார்பன் இல்லாததால் தனிமங்கள் 5. ஒரு நிபந்தனை குறைந்துவிட்டது, விகிதம் கட்டுக்குள் நிற்காமல் ஓடுகிறது. கேஸ் அடுப்பில் கார்பன் டை ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் ஒன்றாக வரும்போதும் இதேதான் நடக்கும்: பொருள் ஐந்து, தனிமம் மூன்று. உண்மையில் அங்கே இரண்டு தனித்தனி வினைகள் ஒரே வரிக்குள் புகுந்திருக்கின்றன.

பெராக்சைடிலும் அப்படித்தான். பெராக்சைடு யாருடைய உதவியும் இல்லாமலே சிதையக்கூடியது: 2 பெராக்சைடு → 2 நீர் + 1 ஆக்சிஜன். 7 என்று எழுதிய விடை, 5 என்ற விடையோடு இந்தச் சிதைவை ஒரு முறை கூட்டியது. 1 என்ற விடை, அதிலிருந்து இரண்டு முறை கழித்தது. எலக்ட்ரானைக் கேட்டால் 5 மட்டும்தான் நிற்கும். இரண்டு மாங்கனீசுக்கு 10 எலக்ட்ரான் வேண்டும், பெராக்சைடு ஒன்று 2 தரும். இந்தக் கணக்கும் ஒரு அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது: வெளிவரும் ஆக்சிஜன் வாயு முழுவதும் பெராக்சைடிலிருந்தே வருகிறது என்று. அந்த அனுமானத்தைச் சரிபார்க்க வழி உண்டு. நிறை 16க்குப் பதில் 18 கொண்ட கன ஆக்சிஜனால் அடையாளமிட்ட பெராக்சைடை எடுத்து வினை நடத்தி, குமிழியாக வரும் வாயுவைச் சோதித்தார்கள். பெராக்சைடின் ஆக்சிஜன்தான் வாயுவில் இருந்தது. பெர்மாங்கனேட்டின் ஆக்சிஜன் அதில் கலக்கவில்லை. பெராக்சைடு 1 என்ற விடையோ, இரண்டே ஆக்சிஜன் அணுக்களைக் கொண்டு வந்த பொருளிலிருந்து ஆறு அணு வாயுவாக வெளியேறுவதாகச் சொல்கிறது.

இது வெறும் தாள் விவகாரம் அல்ல. பியூரெட் அளவை வைத்துப் பெராக்சைடின் வீரியத்தைக் கணக்கிடும்போது தவறான முதல் சமன்பாட்டைப் பயன்படுத்தினால், உள்ளதில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கிறது என்று விடை வரும். மூன்றாவதைப் பயன்படுத்தினால் உள்ளதைப் போல் 1.4 மடங்காக வரும். குடுவையும் அதேதான், சொட்டும் அதேதான்.

விகிதம் ஒன்றே ஒன்று என்று உறுதியாகிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒளிச்சேர்க்கைக்கு நாம் வழக்கமாக எழுதும் சமன்பாடு இது:

6 கார்பன் டை ஆக்சைடு + 6 நீர் → 1 குளுக்கோஸ் + 6 ஆக்சிஜன்

பொருள் நான்கு, தனிமம் மூன்று, விடை ஒன்றே. அணுக் கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் இலை வெளியே விடும் ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது என்று இந்த வரியிடம் கேட்டுப் பாருங்கள். வெளியே வருவது 6 மூலக்கூறு, அதாவது 12 அணு. 6 நீரில் இருப்பது 6 ஆக்சிஜன் அணுதான். அப்படியானால் பாதியாவது கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று இந்த வரி நம்மை நம்ப வைக்கிறது. கார்பன் டை ஆக்சைடைப் பிளந்துதான் இலை ஆக்சிஜனை விடுகிறது என்று அறிஞர்களே நெடுங்காலம் நம்பினார்கள்.

அதை முதலில் அசைத்தவர் கலிபோர்னியாவில் பணியாற்றிய டச்சுக்காரர் வான் நீல். அவர் ஆராய்ந்தவை ஊதா நிறக் கந்தக பாக்டீரியாக்கள். வெளிச்சத்தில் அவையும் கார்பன் டை ஆக்சைடை உணவாக்குகின்றன. ஆனால் நீருக்குப் பதில், அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடை எடுத்துக்கொள்கின்றன. ஆக்சிஜன் விடுவதில்லை, கந்தகத் துகள்களைச் சேர்க்கின்றன. அதன் சமன்பாடு:

6 கார்பன் டை ஆக்சைடு + 12 ஹைட்ரஜன் சல்பைடு → 1 குளுக்கோஸ் + 6 நீர் + 12 கந்தகம்

இங்கே கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து தவிர வேறெங்கிருந்தும் வர முடியாது. கார்பன் டை ஆக்சைடின் ஆக்சிஜனில் பாதி குளுக்கோசுக்குள் போகிறது, பாதி நீராக வெளியேறுகிறது. ஹைட்ரஜன் சல்பைடு இருந்த இடத்தில் நீரை வைத்தால் பச்சை இலையின் வினை கிடைக்கும் என்று வான் நீல் 1930களில் வாதிட்டார்:

6 கார்பன் டை ஆக்சைடு + 12 நீர் → 1 குளுக்கோஸ் + 6 நீர் + 6 ஆக்சிஜன்

இரு பக்கமும் நீர் இருக்கிறதே, ஆறைக் கழித்துவிடலாமே என்று கணிதம் கற்ற கை துறுதுறுக்கும். கழித்தால் பழைய வரி வந்துவிடும், அணுக் கணக்கும் கெடாது. ஆனால் இடப்பக்கத்து நீர் பிளக்கப்படும் நீர், வலப்பக்கத்து நீர் புதிதாகப் பிறந்த நீர். கழிக்கும் இடத்தில் அந்தச் செய்தி அழிந்துபோகிறது. 12 நீரில் 12 ஆக்சிஜன் அணு, வெளியே வரும் வாயுவில் 12 அணு. நீளமான வரியில்தான் இந்தக் கணக்கு நேராகிறது. பாடநூலில் எது அச்சாகியிருந்தாலும், பன்னிரண்டு போட்ட வரியைப் பலகையில் எழுதி அணு அணுவாகத் தேடச் சொல்லும் ஆசிரியரையே நான் விரும்புவேன்.

1941ல் பெர்க்லியில் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் இதைச் சோதித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் இருவரும் கார்பன்-14ஐக் கண்டுபிடித்திருந்தார்கள். குளோரெல்லா என்ற ஒற்றைச் செல் பாசியை எடுத்து, ஒரு சோதனையில் கன ஆக்சிஜன் கூடுதலாக உள்ள நீரில் வளர்த்தார்கள், இன்னொன்றில் கன ஆக்சிஜனைக் கார்பனேட் உப்புகளின் வழியாகச் செலுத்தினார்கள். வெளிவந்த வாயுவை நிறை நிறமாலைமானியில் அளந்தார்கள். வாயுவில் இருந்த கன ஆக்சிஜனின் விகிதம் இரண்டு முறையும் நீரின் விகிதத்தோடுதான் ஒத்துப்போனது, கார்பன் டை ஆக்சைடோடு அல்ல. ரூபன் இரண்டே ஆண்டுகளில், 1943ல், போர்க்கால ஆய்வின்போது பாஸ்ஜீன் வாயு தாக்கி இறந்தார். வயது முப்பதைத் தொடவில்லை. பச்சை இலைகள் விடும் ஆக்சிஜன் நீரிலிருந்து வருகிறது என்பதற்கு முதல் நேரடிச் சான்றாக நிறை நிறமாலைமானியில் பதிவான அந்த எண்களைத்தான் இன்றும் காட்டுகிறார்கள்.